ரோமானியப் போர்வீரரின் இடைவார்: முதல் முறை செய்பவருக்கு

1982ஆம் ஆண்டு இத்தாலியில் ஹெர்குலேனியம் நகரத்தின் பழைய கடற்கரையைத் தோண்டியபோது ஒரு போர்வீரரின் எலும்புக்கூடு கிடைத்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது அங்கே விழுந்து இறந்தவர். அருகில் வாள், குத்துவாள், தகடுகள் பதித்த இடைவார். அதே எரிமலை வெடிப்பில்தான் மூத்த பிளினியும் இறந்தார். அவர் தன் 'இயற்கை வரலாறு' நூலில், படைவீரர்களின் வாள் பிடியெல்லாம் வெள்ளி வேலைப்பாடு, இடைவாரெல்லாம் வெள்ளித் தகடுகளின் கலகலப்பு என்று குறைப்பட்டுக்கொண்டவர். கலகலப்பு என்று அவர் சொன்ன அந்த ஓசைதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. தகடு பதித்த ஒரு வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தால் அவர் எதைச் சொன்னார் என்று புரிந்துவிடும்.

ரோமானியப் படையில் கவசம் இல்லாத நேரத்திலும் இடைவார் உண்டு. வெறும் அங்கியோடு சந்தைக்குப் போகிறவர் படைவீரர் என்று ஊருக்குக் காட்டியது அதுதான். தப்புச் செய்த நூற்றுவர் தலைவர்களைப் பேரரசர் அகஸ்டஸ் இடைவார் இல்லாமல் வெறும் அங்கியோடு தளபதியின் கூடாரத்துக்கு முன் நாள் முழுக்க நிற்க வைத்தார் என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அடியோ உதையோ கிடையாது, இடைவாரைக் கழற்ற வைப்பதே அவமானம். அந்த மரியாதையை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், அவசரமாக ஒப்பேற்றத் தோன்றாது.

முதலில் நூற்றாண்டைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ரோமானிய இடைவார் என்று தனியாக ஒன்று கிடையாது. 1ஆம் நூற்றாண்டில் சிறு செவ்வகத் தகடுகள் வரிசையாகப் பதித்த வார். 3ஆம் நூற்றாண்டில் 'உத்தேரே ஃபெலிக்ஸ்' என்று எழுத்தெழுத்தாக வெட்டிப் பதித்த வார்கூட உண்டு. நலமாய் அணிந்துகொள் என்பது போன்ற வாழ்த்து அது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் அகலமான வார், அதில் ஆழமாகச் செதுக்கியது போன்ற வார்ப்புத் தகடுகள். ஒன்றின் பக்கிளையும் இன்னொன்றின் தகட்டையும் சேர்த்தால் எந்தக் காலத்துப் படைவீரரும் அதைத் தன்னுடையது என்று சொல்லமாட்டார்.

இந்தக் கட்டுரையில் நாம் செய்வது கி.பி. 50ஐ ஒட்டிய வார். அந்தக் காலத்தில் அதன் பெயர் 'பால்டேயுஸ்'. 'சிங்குலும்' என்ற பெயர் பிற்காலத்தில்தான் ஓங்கியது. மாதிரிக்கு ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கிடைத்த கல்லறைக் கற்களைப் பாருங்கள். பிங்கன் பக்கத்தில் கிடைத்த அன்னையுஸ் தவெர்சுஸ் என்ற காலாட்படை வீரரின் கல் எனக்கு மிகவும் பிடித்தது. இடுப்பில் இரண்டு வார்கள் குறுக்காகக் கடந்து போகின்றன, ஒன்றில் வாள், இன்னொன்றில் குத்துவாள். நடுவில் தொங்கும் தோல்பட்டைகளின் குமிழ் ஆணிகள்கூடக் கல்லில் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு. இங்கிலாந்தில் கோல்செஸ்டரில் இருக்கும் மார்க்கஸ் ஃபவோனியுஸ் ஃபசிலிஸ் என்ற நூற்றுவர் தலைவரின் கல்லும் நல்ல மாதிரி. சிற்பத்தில் முழு வாரும் எப்படித் தொங்குகிறது என்று தெரியும். தகட்டின் நுட்பத்துக்கு மண்ணிலிருந்து எடுத்த பொருள்களின் படங்களைப் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் விண்டோனிசா முகாமில் கிடைத்தவை நல்ல தொடக்கம்.

நாம் செய்யப்போவது ஒற்றை வார். குத்துவாள் மாட்டும் குமிழ்கள் இரண்டு, ஒரு பக்கிள், மீதி அலங்காரத் தகடுகள். தொங்கு பட்டைகள் கடைசியில், ஆசை இருந்தால்.

தோல்

இந்த வேலைக்குக் குரோம் போட்ட தோல் ஆகாது. குரோம் உப்பால் பதனிடுவது 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ரோமானியர்கள் மரப்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள், ஓக் மரப்பட்டை அதில் முக்கியம். வரலாற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குரோம் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், விளிம்பு மழுங்கி மெருகேறாது, தகட்டின் எடை தாங்காமல் தொய்ந்துவிடும். என் முதல் வார் அப்படித்தான் போனது. கடையில் பட்டைத் தோல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நானும் சோதிக்காமல் வாங்கி வந்துவிட்டேன். மூன்று வாரம் தகடு தட்டி, பதித்து, கட்டிப் பார்த்தால் இரண்டே நாளில் வார் பாம்பு போல நெளிந்தது.

சோதிப்பது சுலபம். வினிகரில் இரண்டு நாள் இரும்பு ஆணிகளை ஊறப்போடுங்கள். அந்த நீரில் ஒரு சொட்டைத் தோலின் ஓரத்தில் விட்டால், பட்டையில் பதனிட்ட தோல் என்றால் சில நொடிகளில் கன்னங்கரேல் என்று ஆகும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை கறுப்பதும் இதே காரணத்தால்தான். குரோம் தோலில் அந்தக் கறுப்பு வராது. வெட்டிய விளிம்பில் நீலச் சாயலோ சாம்பல் நிறமோ தெரிந்தாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவது பழைய தொழில். இப்போது வாட்டில் பட்டைதான் அதிகம், ஆனால் முறை அதே குடும்பம். சென்னையில் பெரியமேட்டுக் கடைகளில் 'வெஜிடபிள் டேன்' என்று கேட்டுப் பார்க்கலாம். மாட்டுத் தோலோ எருமைத் தோலோ, கனம் 3 மி.மீ. வேண்டும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். நமக்குத் தேவை பரப்பு அல்ல, நீளம். குறைந்தது 115 செ.மீ. ஒரே நேராக வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய பகுதியைக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி மலிவாகக் கிடைக்கும், ஆனால் இழுபடும்.

பித்தளையும் கருவிகளும்

ரோமானியப் படையின் தகடுகளில் பெரும்பங்கு செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளைத் தகடே நமக்குப் பொருத்தம். 0.8 மி.மீ. கனத்தில் 30க்கு 20 செ.மீ. துண்டு ஒன்று, 0.3 மி.மீ. மெல்லிய தகடு அதில் பாதி, பக்கிளுக்கு 4 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அளவு துண்டு. ரிவிட் செய்ய 2 மி.மீ. பித்தளைக் கம்பி, கீலுக்கு 3 மி.மீ. கம்பி. ஈயம் பூசத் தூய வெள்ளீயமும் கொஞ்சம் நவச்சாரமும்.

கருவிகளில் நகை வேலைக்காரர்களின் மெல்லிய ரம்பமும் நல்ல அரங்களும் இல்லாமல் முடியாது. துளைபோடும் எந்திரம், 200 கிராம் சுத்தியல், தட்டுவதற்குப் பட்டறைக்கல் அல்லது கனமான இரும்புத் துண்டு, குத்தூசி, கூரான கத்தி, ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல். தகட்டைக் காய்ச்ச ஒரு கேஸ் டார்ச். இதற்கு மேல் வாங்காதீர்கள். முத்திரை உளிகளை நாமே பெரிய ஆணிகளிலிருந்து அரவிச் செய்துகொள்ளலாம்.

உலோகம் முதலில், தோல் பிறகு

தோலை வெட்டித் தயாராக வைத்துவிட்டுத் தகடு செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். தகட்டின் உயரம் அரை மில்லிமீட்டர் முன்பின் ஆகும், பக்கிளின் உள்வாய் நினைத்ததைவிடச் சிறியதாக வரும். உலோகத்தை மறுபடி செய்ய முடியாது, தோலை அதற்கேற்ப வெட்ட முடியும்.

அளவை இப்படிக் கணக்கிடுங்கள். தடித்த துணியில் ஓர் அங்கி போட்டுக்கொண்டு இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தகடும் 50 மி.மீ. நீளம், 42 மி.மீ. உயரம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் 6 மி.மீ. இடைவெளி. இந்த இடைவெளியில்தான் வார் வளைகிறது, 3 மி.மீ.க்குக் கீழே போனால் உட்காரும்போது தகடுகள் ஒன்றோடொன்று முட்டும். பக்கிள் மாட்டும் இடத்துக்கு 6 செ.மீ. கழித்தால் 84 செ.மீ. அதை 5.6ஆல் வகுத்தால் 15 தகடுகள். முதல் வாருக்கு 11 போதும். முதுகுப் பக்கம் நான்கு தகட்டு இடத்தை வெறும் தோலாக விட்டுவிடலாம். பதினொன்றில் ஒன்று பக்கிள் தகடு, இரண்டு குமிழ்த் தகடுகள், மீதி எட்டும் அலங்காரம்.

அலங்காரத் தகடுகளை இரண்டு வகையாகச் செய்து மாற்றி மாற்றிப் பதிப்பதை நான் விரும்புவேன். ஒன்று, வெள்ளீயம் பூசிய வழவழப்பான தகட்டில் கறுப்புக் கோடுகள். மற்றொன்று, ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் புடைத்த தகடு. இரண்டும் 1ஆம் நூற்றாண்டு வார்களில் உள்ளவைதான். ஓநாயிடம் பால் குடிக்கும் ரோமுலஸ், ரெமுஸ் இரட்டையர், வேட்டைக் காட்சி, பேரரசரின் தலை என்று உருவங்கள் புடைத்தவையும் உண்டு. அவை கை பழகிய பிறகு.

தட்டைத் தகடுகள்

0.8 மி.மீ. தகட்டில் நான்கு துண்டுகள் வெட்டி, விளிம்பையும் முனைகளையும் அரத்தால் நன்றாக மழுக்குங்கள். கூர் விளிம்பு ஒரு வருடத்தில் தோலை அறுத்துவிடும். நான்கு மூலையிலும், விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே 2 மி.மீ. துளை.

அடுத்தது ஈயம் பூசுதல். பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசுபவர் தெருவில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அதே வேலைதான். ரோமானியர்கள் பித்தளைத் தகட்டுக்கு வெள்ளி போன்ற பளபளப்பு வேண்டுமென்றால் வெள்ளீயம் பூசினார்கள். வசதி உள்ளவர்கள் உண்மையான வெள்ளியை வைத்தார்கள். தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கை படாமல் உலர்த்துங்கள். விரல் ரேகையின் எண்ணெய் இருந்தால்கூட அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. தகட்டைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத்தை அதன் மேல் வைத்தால் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உடனே பஞ்சால் ஒரே திசையில் இழுத்துத் தேய்க்க வேண்டும். தகட்டின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு படலம் ஓடும், அந்த நொடி பார்க்க அவ்வளவு அழகு. சூடு அதிகமானால் ஈயம் மஞ்சளாகிப் போகும், நெருப்பை விலக்கிவிட்டு மறுபடி தேய்க்கலாம். நவச்சாரப் புகை மூச்சுக்கு ஆகாது. வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். பற்றவைக்கும் ஈயக் கம்பியைப் பயன்படுத்த வேண்டாம், அதில் காரீயம் இருக்கலாம். இந்த வேலையில் பயம் இருந்தால் ஈயம் பூசுபவர் யாரையாவது தேடிப்பிடித்து அவரிடமே கொடுங்கள். நான் இரண்டாவது வாருக்கு அப்படித்தான் செய்தேன். அவர் பூசியது என்னுடையதைவிட நூறு மடங்கு சீராக இருந்தது.

பூசிய பிறகே கோடு போட வேண்டும். முன்னால் போட்டால் ஈயம் கோட்டுக்குள் நிரம்பிவிடும். தகட்டை அரக்குப் படுக்கையில் பதித்து, உளியால் திராட்சைக் கொடியோ எட்டிதழ்ப் பூவோ தட்டுங்கள். ரோமானியர்கள் இந்தக் கோடுகளில் நியெல்லோ என்ற கறுப்பு சல்ஃபைடை நிரப்பினார்கள். வெள்ளியையோ செம்பையோ கந்தகத்தோடு சேர்த்துச் செய்வது அது. வீட்டில் அதைக் காய்ச்ச வேண்டாம். அரக்கை எரிசாராயத்தில் கரைத்து, விளக்குக் கரியை அதில் குழைத்துக் கோடுகளில் அழுத்தித் தடவி, இரண்டு நாள் காயவிட்டு, மேற்பரப்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தெடுத்தால் வெள்ளையும் கறுப்புமாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துக் கேட்பவர்களிடம் இது அரக்கு என்று சொல்லிவிடுங்கள்.

வளையத் தகடுகள்

மெல்லிய தகட்டை அச்சின் மேல் அழுத்தி எடுப்பது பழைய முறை. அருகில் இருக்கும் லேத் பட்டறையில் ஓர் இரும்பு உருளையின் முகத்தில் ஐந்து வளையப் பள்ளமும் நடுவில் ஒரு குழியும் கடைந்து தரச் சொல்லுங்கள். வெளி வளையம் 34 மி.மீ. இருக்கட்டும், அப்போதுதான் மூலைத் துளைகளுக்கு இடம் மிஞ்சும். பள்ளத்தின் விளிம்புகள் உருண்டையாக இருக்கட்டும், கூராக இருந்தால் தகடு கிழியும்.

0.3 மி.மீ. தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மெத்தென்று ஆகும். அச்சின் மேல் தகடு, தகட்டின் மேல் கெட்டியான ரப்பர் துண்டு, அப்படியே பெரிய வைஸில் கொடுத்து இறுக்குங்கள். ஒரே இறுக்கில் வராது. எடுத்து, மறுபடி காய்ச்சி, அதே இடத்தில் வைத்து இறுக்கினால் வளையங்கள் முழுதாக எழும். காய்ச்சும்போது தகடு கறுத்துப் போகும், வெந்நீரில் கரைத்த புளியில் போட்டு வைத்தால் போய்விடும். பின்பக்கப் பள்ளங்களில் உருக்கிய அரக்கை ஊற்றி, ஆறியதும் சமமாகத் தேயுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் முறை மேசை விளிம்பில் இடித்தவுடன் வளையங்கள் நசுங்கும். மெல்லிய தகடு தனியாக நிற்காது என்பதால் பின்னால் அதே அளவில் இன்னொரு சாதாரணத் தகட்டை வைத்துச் சேர்த்துத் துளை போடுங்கள்.

பக்கிளும் குமிழும்

இந்த வேலையில் நேரம் அதிகம் கேட்பது பக்கிள். 1ஆம் நூற்றாண்டுப் பக்கிள் ஆங்கிலத்தின் டி எழுத்தைப் போல வளைந்து, இரு முனைகளும் உள்பக்கமாகச் சுருள்கின்றன. நடு முள் லில்லிப் பூப் போல மூன்று இதழாகப் பிரிந்து நிற்கும். அவர்கள் வார்த்து எடுத்தார்கள். வார்ப்பு தெரியாதவர் 4 மி.மீ. தகட்டில் வரைந்து ரம்பத்தால் அறுத்து, அரத்தால் உருட்டிக்கொண்டு வர வேண்டும். எனக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. வெளி அகலம் 40 மி.மீ., உள்வாய் 26 மி.மீ. என்று வைத்தால் அளவாக இருக்கும். சுருள் முனைகளுக்குப் பின்னால் இரண்டு காதுகளை விட்டு, அவற்றின் பக்கவாட்டில் 3 மி.மீ.க்குச் சற்றுத் தாராளமாகத் துளை போடுங்கள்.

பக்கிள் தகடு மடித்தது. 108 மி.மீ. நீளமும் 42 மி.மீ. உயரமும் கொண்ட துண்டை எடுத்துக் குறுக்கே நடுக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கும்படி மூன்று இடத்தில் 14 மி.மீ. நீளப் பிளவு வெட்ட வேண்டும்: பக்கிளின் காதுகளுக்கு இரண்டு, நடுவில் முள்ளுக்கு ஒன்று. பிளவின் அகலத்தைக் காதுகளை வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தகட்டைக் காய்ச்சி மெத்தென்று ஆக்கி, ஈயம் பூசி, பிறகு 3 மி.மீ. கம்பியைச் சுற்றி மடித்தால் ஒரு கீல் கிடைக்கும். காதுகளையும் முள்ளையும் பிளவுகளில் நுழைத்து, கம்பியைச் செருகி, அதன் இரு முனைகளையும் லேசாகத் தட்டி விரியவிட்டால் கழலாது. இரண்டு மடிப்புக்கும் நடுவில் பிறகு தோல் போகும்.

குமிழ்த் தகடும் இதே மாதிரிக் கீல்தான், ஆனால் கீலிலிருந்து மேல்நோக்கி ஒரு நாக்கு எழுந்து, அதன் முனையில் 25 மி.மீ. வட்டத் தகடு. குத்துவாளின் உறையில் இருக்கும் வளையங்களில் தோல் கயிறு கோத்து இந்த வட்டங்களுக்குப் பின்னால் மாட்டுவார்கள். சாதாரணப் படைவீரருக்கு வாள் வலப்பக்கம், குத்துவாள் இடப்பக்கம். அதனால் இரு குமிழ்களும் உங்கள் இடப்பக்க இடுப்பில், நடுவில் ஒரு தகடு விட்டு வர வேண்டும். நூற்றுவர் தலைவர் என்றால் வாளும் குத்துவாளும் இடம் மாறும்.

தோலை வெட்டுதல்

இப்போது தகட்டின் உயரத்தை மறுபடி அளந்துவிட்டு, தோலை அதே அகலத்துக்கு வெட்டுங்கள். நீளம் 90 செ.மீ.யோடு தொங்கும் வாலுக்கு 18 சேர்த்து 108. கடைசித் தகட்டுக்குப் பிறகு வால் படிப்படியாகக் குறுகி 24 மி.மீ. ஆக வேண்டும், பக்கிளின் உள்வாய் 26தான் என்பதை மறக்க வேண்டாம். ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கத்தியை மூன்று முறை ஓட்டுங்கள். ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தால் கத்தி நழுவி விரலுக்குத்தான் போகும்.

வெட்டிய வாரை ஈரத்துணியால் துடைத்து, ஒரு முனையில் 5 கிலோ எடை கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். இழுபட வேண்டியது இப்போதே இழுபட்டுவிடும். ஈரத் தோலில் இரும்புச் சாமான் எதையும் வைக்காதீர்கள். ஸ்கேலின் தடம்கூடக் கறுப்பாக விழுந்து போகாது.

நிறம் போடாமல் விட்டால் வெயிலும் கையும் பட்டு அழகான தேன் பழுப்பு வரும், எனக்கு அதுவே பிடிக்கும். கறுப்பு வேண்டுமென்றால் முன்னே சொன்ன ஆணி ஊறிய வினிகரைத் தூரிகையால் பூசுங்கள். தோல் முழுக்கக் கறுத்ததும், சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல நீரால் ஒரு முறை துடைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தங்கிய அமிலம் தோலை நொறுங்க வைக்கும். விளிம்புகளைச் சாய்வாகச் சீவி, லேசாக நனைத்து, வழவழப்பான மரத்துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி மின்னும். கடைசியில் தேன்மெழுகை மெல்லியதாகத் தடவி, துணியால் சூடு பறக்கத் தேயுங்கள். எண்ணெயில் ஊறவைக்கவே கூடாது. கொழுப்பும் பித்தளையும் ஒட்டிக் கிடந்தால் ஒவ்வொரு தகட்டுக்கு அடியிலும் பச்சைப் பசை பிதுங்கும், அது அங்கியிலும் கறையாக ஏறும். என் இரண்டாவது வாரில் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது.

பதித்தல்

எல்லாத் தகடுகளையும் தோலின் மேல் அடுக்கி, இடைவெளி பார்த்து, காகித டேப்பால் ஒட்டிவிட்டு இடுப்பில் சுற்றிப் பாருங்கள். கண்ணாடிக்கு முன் நின்று ஐந்து நிமிடம் செலவிட்டால் போதும், எங்கே நெருக்கம், எங்கே காலி என்று கண்ணே சொல்லிவிடும்.

ரிவிட்டுகளை முன்னதாகவே செய்து வைத்துக்கொள்வது நல்லது. கனமான இரும்புத் துண்டில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதில் கம்பியை நிற்க வைத்து மேல்முனையைத் தட்டினால் தலை உருண்டு வரும். நீளம் எப்படிப் பார்ப்பது? தகடு 0.8, தோல் 3, பின்னால் வைக்கும் சிறு சதுரத் தகடு 0.8, தட்டி விரிக்க 2.5, ஆக 7 மி.மீ.க்குச் சற்று மேல். இரண்டு அடுக்குள்ள வளையத் தகட்டுக்கு இன்னும் அரை மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். மடித்த பக்கிள் தகட்டுக்குப் பின்னால் சதுரத் தகடு தேவையில்லை. கம்பியையும் ஒருமுறை காய்ச்சி ஆறவிட்டால் பிளக்காமல் விரியும்.

பக்கிள் தகட்டிலிருந்து தொடங்குங்கள். தகட்டுத் துளை வழியாகக் குத்தூசியால் தோலைக் குத்தி, ரிவிட்டைச் சற்று இறுக்கமாகவே நுழையுங்கள். தோலில் துளைபோடும் எந்திரத்தை ஓட்டினால் ஓட்டை பெரிதாகி, பிறகு தகடு ஆடும். பின்பக்கம் சதுரத் தகட்டைக் கோத்து, தலையைப் பட்டறைக்கல்லில் வைத்து, கம்பி முனையை நடுவில் இரண்டு தட்டு, பிறகு ஓரமாகச் சுற்றிச் சுற்றிச் சின்னத் தட்டுகள். பலமாக ஓங்கினால் கம்பி தோலுக்குள் வளைந்து நிற்கும். மூலைவிட்டமாக இரண்டை முடித்துவிட்டு மற்ற இரண்டுக்குப் போங்கள், தகடு கோணாது.

வாலில் ஐந்து துளைகள், 2.5 செ.மீ. இடைவெளியில். நடுத்துளை பக்கிள் கீலிலிருந்து சரியாக 90 செ.மீ. தூரத்தில் வர வேண்டும்.

தொங்கு பட்டைகள் வேண்டுமென்றால், 2 மி.மீ. தோலில் 22 மி.மீ. அகலம், 28 செ.மீ. நீளத்தில் நான்கு பட்டைகள். சிற்பங்களில் வழக்கமாக நான்கிலிருந்து எட்டு வரை காண்கிறோம், ஆனால் எட்டு செய்தால் குமிழ் ஆணிகளே நூறைத் தொடும். பட்டைக்குப் பன்னிரண்டு ஆணிகள், கீழ் முனையில் பிறை வடிவிலோ இலை வடிவிலோ ஒரு தொங்கல். பட்டைகளின் மேல் முனைகளை ஒரு தனித் தோல் துண்டில் சேர்த்துப் பதித்து, அந்தத் துண்டை வாரின் மேல் மடித்துப் போட்டால் வேண்டாதபோது கழற்றலாம். ஓடும்போது இது தொடையில் அடிக்கும், காப்பு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நடக்கும்போது வருகிற அந்தச் சலசலப்பு முழுக்க இதிலிருந்துதான்.

வார் முடிந்த முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுங்கள். தோல் உடம்பின் வளைவுக்குப் படியும். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு தகட்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். தோல் அமுங்கியதால் சில ரிவிட்டுகள் தளர்ந்திருக்கும், பட்டறைக்கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இறுகிவிடும். கழற்றியதும் மடித்து வைக்காமல், பக்கிளை ஓர் ஆணியில் மாட்டி நீளமாகத் தொங்கவிடுங்கள்.